கட்டுப்பாட்டுப் பகுதிக்கு இரண்டு கை

அகராதியில் இருந்தபடிதான் எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விஷயத்தை யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே, "அப்போ தப்பு உங்க மேலயா?" என்று கேட்டுவிடுகிறார்கள். என் மேலும்தான். என் மேல் மட்டும்தான் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போடி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், மனு எழுதுவது, போர்டுக்கு எழுத்து அடித்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது கடைக்கு வந்த காகிதங்கள்தான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பிடிபடாவிட்டால் அதைத் தனியாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைப்பேன். தெரிந்தவர் யாராவது ஜெராக்ஸ் எடுக்க வருவார், மாட்டிக்கொள்வார். ஜனங்கள் பேசுவதைக் கேட்பதிலும் எனக்குத் தீராத ஆசை. யாராவது ஒன்றை நன்றாகச் சொல்லிவிட்டால், வீணாய்ப்போன தாளின் பின்புறத்தில் குறித்துக்கொள்வேன். தன் மைத்துனரைப் பற்றி ஒருவர், "அவன் வந்து உக்காந்தா காபி ஆறாது, நாமதான் ஆறிப்போவோம்" என்றார். அந்தத் தாள் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

திட்டம் வந்தது கொரோனா ஓய்ந்த பிறகு. மழைக்காலத்தில் ஏலச்செடியைப் பிடிக்கும் அழுகலை, விஷ மருந்து தெளிக்காமல் தடுப்பதற்கான ஆராய்ச்சி. அரசுப் பணம், பல மாநிலங்கள், பல கல்லூரிகள், ஐந்து வருஷம். தொழுவுரத்தில் கலந்து செடியின் தூரில் இடுகிற ஒரு பூஞ்சணத் தூள்தான் அதன் மையம். நல்ல பூஞ்சணம் கெட்ட பூஞ்சணத்தைத் தின்றுவிடும் என்றார்கள். மலையில் அதற்குப் பச்சைப்பொடி என்று பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்துச் சரிவுகளில் ஏழு தோட்டங்களில் சோதனை நடந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு துண்டு நிலத்தில் பொடி இடுவார்கள். அதை ஒட்டிய இன்னொரு துண்டில் இடமாட்டார்கள். மழை முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொடி வேலை செய்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடுதான்.

திட்டத்தின் கள அலுவலகம் என் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு மாடியில் இருந்தது. அதனால் போர்டு வேலை என்னிடம் வந்தது. ஒரு தாளில் இரண்டே வரி. ஒன்று 'டிரையல் பிளாட்', இன்னொன்று 'கண்ட்ரோல் பிளாட்'. தமிழில் வேண்டும் என்றார் அப்போதைய களப் பொறுப்பாளர். முதலாவதைச் 'சோதனைப் பகுதி' என்று எழுதினேன். இரண்டாவதற்கு அகராதியைப் புரட்டிக் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்று போட்டேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கண்ட்ரோல் பிளாட் என்றால் ஒப்பிடுவதற்காக ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டுவைக்கிற இடம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கண்ணாடியில் ஒட்டவும் தோன்றவில்லை. தெரிந்த வார்த்தை என்று நினைத்துவிட்டேன். தகரத்தில் எழுதி, மேலே அரசு முத்திரை வைத்து, ஏழு தோட்டத்துக்கும் ஏழு ஜோடி போர்டு போயிற்று.

அந்த ஏழில் ஒரு தோட்டம் மதினியுடையது. உறவுமுறைப்படி மதினி இல்லை. எங்கள் தெருவில் வளர்ந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டவள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே நிலைத்துவிட்டது. போடிமெட்டைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கினால் அவளுடைய சரிவு. வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். தோட்டம் முழுக்க அவள் பாடு. சிலமலையிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறிவரும் ஒரு அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும்தான் கூட வேலை செய்கிறவர்கள். திட்டம் வருவதற்கு முந்தைய மழையில் பாதித் தோட்டம் அழுகிப்போனது. சரம் சரமாகக் காய் கறுத்து உதிர்ந்து கிடந்ததை நானே பார்த்தேன். அந்த நாற்றம் இரண்டு நாள் என் சேலையை விட்டுப் போகவில்லை. பொடி வந்த பிறகு மூன்று மழை ஆயிற்று. மதினி தோட்டத்தில் அழுகல் என்ற பேச்சே இல்லை.

நான்காம் வருஷம், திட்டத்தின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வருகிறது என்று தகவல் வந்தது. மூன்று பேர், தமிழ் தெரியாத வெளிமாநிலப் பேராசிரியர்கள். அவர்கள் தரும் மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் மலைச் சோதனையும் பொடியும் தொடரும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பொடி கடையில் கிடைப்பதில்லை, திட்டத்தின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் தயாராகிறது. களப் பொறுப்பாளர் என்னை மொழிபெயர்க்க வரச் சொன்னார். இவர் மூன்றாவதாக வந்தவர். கோயம்புத்தூர்ப் பக்கம், மரியாதையான மனிதர், எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

மதினிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏத்தா, நீதானே பேசப்போறே? வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவேல்ல, அன்னைக்கும் பேசு. பொடி நின்னு போச்சுன்னா என் செடி போச்சு, பாத்துக்க."

"நான் பேசப் போகல மதினி. நீங்க பேசுறத அவங்களுக்குச் சொல்லப் போறேன்."

"அப்ப நான் நல்லாப் பேசணுமா? பட்டுச் சேல எடுத்து வைக்கவா?"

ஆடி மாதம். காலையில் போடியிலிருந்து இரண்டு ஜீப்பில் கிளம்பினோம். குழுவின் தலைவர் வயதானவர், சத்தமில்லாதவர். மலை வளைவு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஐயா மதிப்பெண் போட வந்திருக்காரா? மொதல்ல எனக்குப் போடச் சொல்லுங்க. கண்ணத் தொறந்துக்கிட்டுப் போடச் சொல்லுங்க" என்றார். தலைவர் என்னவென்று கேட்டார். மூடுபனி அதிகம் என்கிறார் என்று சொன்னேன். அன்றைக்கு நான் செய்த மொழிபெயர்ப்பில் பொய் அது ஒன்றுதான்.

மதினியின் தோட்டத்தில் முதலில் படிவம். தமிழ்ப் படிவத்தை அடித்ததும் நான்தான், எட்டுப் பக்கம். பயிற்சிக்கு வந்தீர்களா, துண்டுப் பிரசுரம் கிடைத்ததா, அதிகாரிகள் எத்தனை முறை வந்தார்கள், எத்தனை மூட்டை பொடி பெற்றீர்கள். பிறகு, 'தொழில்நுட்பத்தின் மீதான மனநிறைவு, ஒன்று முதல் ஐந்து வரை'.

"அஞ்சுக்கு எத்தனன்னு கேக்குறாங்க மதினி."

"எத அஞ்சுக்கு?"

"மனசு நெறைஞ்சிருக்கான்னு."

"செடி பொழச்சுச்சு. அதுக்கு எத்தனையோ அத நீங்களே போட்டுக்கங்க."

நான் தலைவரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நான்கு போட்டார். ஏன் ஐந்து இல்லை என்று கேட்டேன். ஐந்து போட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். அவள் சொன்னது உண்மை என்பதற்காகவே ஒன்றைக் குறைத்துவிட்டாரே!

பிறகு சரிவில் இறங்கினோம். சோதனைப் பகுதி தளதளவென்று நின்றது. பக்கத்தில் என் போர்டோடு கட்டுப்பாட்டுப் பகுதி. அதுவும் தளதளவென்றே நின்றது. சொல்லப்போனால் ஒரு பிடி கூடவே. தலைவர் கையிலிருந்த கணக்குத் தாளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இந்தத் தோட்டத்தில் மூன்று மழையிலும் பொடி இட்ட இடத்திலும் இடாத இடத்திலும் அழுகல் ஒரே அளவுதான் என்றார். போன வருஷம் இடாத இடத்தில்தான் காய் அதிகமாம். அப்படியானால் செடியைப் பிழைக்க வைத்தது பொடி என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த அம்மாவிடம் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். மதினிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்போ நான் பொய் சொல்றேனா? இந்த மழையில அட்டை கடிக்க நின்னு பொய் சொல்லணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

"அப்பிடிச் சொல்லல மதினி. பொடி போடாத எடமும் நல்லாத்தானே இருக்குன்னு கேக்குறாரு."

"போடாத எடமா? எது போடாத எடம்?"

நான் போர்டைக் காட்டினேன். அதுவரை பேசாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிலமலை அக்கா முன்னால் வந்தார்.

"என்னத்தா சொல்றே? அங்கதானே ரெண்டு கை!"

"ரெண்டு கையா?"

"ஆமா. இந்தப் பக்கம் தூருக்கு ஒரு கை. கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ரெண்டு கை. மூணு வருசமா நான்தானே போடுறேன். ஒரு தூர விட்டதில்ல."

"யாரு அப்பிடிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதான் எழுதியிருக்குல்ல. கொரோனாவுல எங்க தெரு வாசல்ல தகரத்த அடிச்சு இதே போர்டுதான வச்சாங்க, நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதின்னு! வச்ச அன்னைக்கே பிளீச்சிங் பவுடர ரெண்டு தடவ கொட்டுனாங்க. மத்த தெருவுக்கு ஒரு தடவதான். நோய் இருக்கிற எடத்துக்குத்தானே மருந்து கூடப் போடணும்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்த்தா. நீ மட்டுந்தான் படிப்பியா?"

மதினி பெருமையாகத் தலையாட்டினாள். "இவ கை படாத தூரு இல்ல, சொல்லு அவருகிட்ட."

அந்த அக்கா சொன்னதில் ஒரு குறையும் இல்லை. எழுதியதைப் படித்திருக்கிறார். அவர் ஊரில் அந்த எழுத்துக்கு என்ன அர்த்தமோ அதன்படி, ஒருநாள் தவறாமல், மழையில் குனிந்து வேலை செய்திருக்கிறார். அந்த அக்கறையாலேயே கணக்கு பாழாகிவிட்டது.

களப் பொறுப்பாளரைப் பார்த்தேன். அவர் மாதம் ஒருமுறை வந்து அழுகிய காயை எண்ணிப் போட்டோ எடுத்துப் போவார். பொடியை மூட்டையாக மதினி கையில் கொடுத்துவிடுவார். ஒரு பகுதிக்கு வேண்டியதைப் போல மூன்று பங்கு போகிறதே என்று அவருக்குத் தோன்றவில்லையா என்று பிறகு கேட்டேன். "பொடி எவ்வளவு குடுத்தோங்கறதும் படிவத்துல ஒரு கட்டம்ங்க அக்கா. அதிகமா போனா நல்ல மார்க்" என்றார். இதையும் குறித்துவைத்திருக்கிறேன். சிரிப்பதற்காக அல்ல.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிளீச்சிங் பவுடர் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிசயம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் என் மனசுக்கு அவ்வளவு பாரம் இருந்திருக்காது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஐயா, இந்த ஒரு தோட்டம் மட்டுமில்லை. ஏழு தோட்டத்துக்கும் போர்டு எழுதினது நான்தான்" என்றேன்.

மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் என்னை ஒரு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அக்கா, இத எழுதுனாங்கன்னா எங்களுக்குச் 'செயலாக்கத் தரம்' அடிபடும். எழுதலைன்னா 'விளைவு' மட்டும்தான் அடிபடும். ஒண்ணுல அடிபட்டாத் தப்பிச்சுக்குவோம். ரெண்டுலயும் அடிபட்டா ஆபீசையே மூடிருவாங்க."

"செடி தப்பிக்கணும்ல தம்பி?"

"செடிக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்களே அக்கா."

மதினி தூரத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று நானும் கையால் சொன்னேன்.

இறங்கும்போது தலைவர் கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் நடந்தால் அது கதை, ஏழிலும் நடந்திருந்தால் அது முடிவு, ஆனால் போய்ப் பார்க்கக் குழுவுக்கு நாள் இல்லை என்றார். மறுநாள் காலை அவர்கள் வேறு மாநிலத்தில் வேறு பயிரைப் பார்க்க வேண்டுமாம். பெரிய திட்டம் அல்லவா! எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஒவ்வொரு இடத்திலும் நிற்கிற நேரம் குறைவு.

"நான் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்றேன்.

பத்து நாளுக்குள் அனுப்புங்கள் என்றார்.

கடையை மூடிவிட்டு அலைந்தேன். விடிந்ததும் கூலிக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவேன். "டைப் அடிக்கிற அக்கா எஸ்டேட் வேலைக்கு வந்திருச்சு டோய்" என்று ஒரே கேலி. மதினியுடையது போக ஆறு தோட்டம். இரண்டு தோட்டத்தில் மதினி வீட்டைப் போலவே இரண்டு பக்கமும் பொடி போட்டிருந்தார்கள். இரண்டு தோட்டத்தில், முதல் பொறுப்பாளர் நேரில் சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, சரியாக ஒரு பக்கத்தை விட்டுவைத்திருந்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் வித்தியாசம் கண்ணை அறைந்தது. பொடி இட்ட பக்கம் பச்சை. இடாத பக்கம் தண்டு சாய்ந்து, தூர் கூழாகிக் கிடந்தது. ஆராய்ச்சி கேட்ட பதில் அங்கே எல்லோரும் பார்க்கும்படி நின்றுகொண்டிருந்தது. ஒரு தோட்டத்தில் போர்டே இல்லை. கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது. "நல்ல தகரம்க்கா, சும்மா வெயில்ல நின்னுக்கிட்டிருந்துச்சு" என்றார் தோட்டக்காரர்.

குரங்கணிக்கு மேலே இருந்த கடைசித் தோட்டத்தில்தான் நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தே விட்டேன். அங்கே கட்டுப்பாட்டுப் பகுதி புதர் மண்டிக் கிடந்தது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.

"என்னண்ணே இது, களை கூட எடுக்கல?" என்று மேற்பார்வை பார்க்கிறவரைக் கேட்டேன்.

"எப்பிடி எடுக்க? கட்டுப்பாட்டுப் பகுதின்னா ஆளு போகக்கூடாதுல்ல?"

"காய் எடுத்தீங்களா?"

"ஏத்தா, கவர்மெண்டு முத்திர போட்டு வச்சிருக்கான். உள்ள காலெடுத்து வச்சு, நாளைக்குக் கேசு கீசுன்னு வந்தா யாரு பதில் சொல்றது? ஒரு ஆடு போச்சு உள்ள. அதையும் வெரசா வெரட்டிட்டோம்."

ஆக, ஓரிடத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு கை பொடி என்று அர்த்தம். இன்னோரிடத்தில் உள்ளே வராதே என்று அர்த்தம். ஓரிடத்தில் செடி அளவுக்கு மேல் கவனிக்கப்பட்டது, ஓரிடத்தில் அனாதையாக விடப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கூட்டி வகுத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு வித்தியாசமில்லை என்றுதானே வரும்? இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் தேவையில்லை. ஒரு ஜீப்பும் கேட்கிற வாயும் போதும்.

இரவு பகலாக என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். முதலில் தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். தவறு எங்கே தொடங்கியது என்று என் கடையைத்தான் முதல் வரியிலேயே சொன்னேன். பிறகு ஒவ்வொரு தோட்டமாக. சரியாக நடந்த இரண்டு தோட்டத்தையாவது தனியாக எடுத்துப் பாருங்கள் என்று முடித்தேன். ஈமெயிலிலும் போட்டேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். மதினியிடம், "எல்லாம் எழுதியாச்சு" என்றேன். "அப்பச் சரி" என்று அவள் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாசி கழிந்து பொறுப்பாளர் ஒரு பெரிய பைலோடு கடைக்கு வந்தார். மதிப்பீட்டு அறிக்கை, எட்டுப் பிரதி எடுத்து பைண்ட் பண்ண வேண்டும். அட்டையைத் திருப்பினேன். முதல் படம் என் போர்டு. மூடுபனி, செடி, தகரத்தில் என் எழுத்து, அழகாகத்தான் விழுந்திருந்தது. உள்ளே 'உள்ளூர் மொழியில் தகவல் பரப்பல்' என்ற தலைப்புக்கு மிகச் சிறப்பு என்று மதிப்பெண். வெளியான கட்டுரைகள், மிகச் சிறப்பு. பயிற்சிகள், இலக்கைத் தாண்டியது. வழங்கிய பொடி, இலக்கைத் தாண்டியது. ஏலச்செடி அழுகல், மலைச் சோதனை: குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திட்டம் மொத்தத்தில் நன்று, அடுத்த கட்டத்துக்குத் தகுதியுடையது. மலைச் சோதனைகளையும் அதற்கான பொடித் தயாரிப்பையும் மட்டும் கைவிடலாம்.

மெஷின் ஓட ஓட, வெளியே விழும் ஒவ்வொரு தாளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கடிதம் கடைசியில், பெறப்பட்ட பிற கடிதங்கள் என்ற பட்டியலில், ஒரு வரியாக இருந்தது. அனுப்பியவர்: தட்டச்சாளர், போடிநாயக்கனூர். பொருள்: பலகை குறித்து.

பலகை குறித்து!

"ஆபீசு தப்பிச்சுச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"தப்பிச்சுருச்சுங்க அக்கா" என்றார் பொறுப்பாளர். சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

தலைவருக்குப் போன் போட்டேன். எடுத்தார், மறக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன் என்றார். நல்ல கடிதம், ஆனால் மதிப்பெண் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. தகவலைச் சேகரித்தவர் முறையாக நியமிக்கப்பட்டவர் இல்லை. இரண்டு தோட்டத்தை மட்டும் பிரித்தெடுத்தால், வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டோம் என்று சொல்வார்கள். முறையாக நியமிக்கப்பட்டவர் யாராவது போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். போயிருக்கலாம் என்றார். இதை மதினியின் வீட்டுக்காரரிடம் சொன்னபோது தரம் பிரிக்கிற முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு காயக்கூடப் பாக்காமயா அவங்க தரம் போட்டாங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். மதினியிடம் நானே சொல்கிறேன், நீங்கள் சொல்லாதீர்கள் என்று. அப்படிச் சொல்லிவிட்டு நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஒவ்வொரு தடவையும் எதையாவது பேசிச் சமாளித்தேன். பேசத் தெரிந்தவளுக்கு அது ஒரு கெட்ட வசதி.

வைகாசி கடைசியில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மதினி போன் போட்டாள். அந்தப் பக்கம் மழைச் சத்தத்தில் பாதிப் பேச்சு கரைந்தது.

"ஏத்தா, பொடி எப்ப வருது? ஆபீசுக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்றாக."

"பொடி வராது மதினி."

"இந்த மாசமா?"

"இனிமேலே."



"நீ எழுதிக் குடுத்தேல்ல?"

"குடுத்தேன்."

"படிச்சாகளா?"

"ரெண்டு தடவ படிச்சாராம்."

"பெறகு?"

"பொடி போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் இல்லைன்னு எழுதியிருக்காங்க மதினி."

"போடாததுன்னு எங்க இருந்துச்சு?" என்றாள். "நாங்கதான் எல்லாத்துக்கும் போட்டமே. அதச் சொன்னமே, அவரு முன்னாடியே நின்னு."

"சொன்னோம்."

"நீ இங்கிலீசுல சரியாச் சொன்னியா?"

"சொன்னேன் மதினி."

சந்தேகப்பட்டு அவள் கேட்கவில்லை. வேறு எங்கே கோளாறு இருக்க முடியும் என்று தேடிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கேள்வி அன்றைக்கு என்னைக் குத்தியதுபோல அறிக்கையில் எந்த வரியும் குத்தவில்லை.

"மிச்சம் அரை மூட்ட கெடக்கு" என்றாள் பிறகு, வேலைப் பேச்சுக் குரலில். "இவ எரு கலந்துக்கிட்டு நிக்கிறா. மேல் வரிசைக்குப் போட்டா கீழ் வரிசைக்குக் காணாது. கீழ்ப் பக்கம் தண்ணி நிக்கிற எடம், அதுதான் மொதல்ல அழுகும். ஆனா மேல் பக்கம்தான் இந்த வருசம் நல்லாச் சரம் விட்டிருக்கு. எத விட?"

"எனக்கெப்பிடித் தெரியும் மதினி?"

"இம்புட்டுத் தோட்டம் பாத்தேல்ல. சொல்லு."

நான் பார்த்த அந்த இரண்டு தோட்டங்களின் பொடி இடாத பக்கம் கண்ணுக்குள் நின்றது. எதைச் சொன்னாலும் இன்னொன்றை நான் கைகழுவியதாகத்தான் ஆகும்.

"நாளைக்கு மொத ஜீப்புல வர்றேன்" என்றேன்.

"வந்து?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் சிலமலை அக்காவின் குரல் கேட்டது. "மழ வலுக்குது, எந்தப் பக்கம் ஆரம்பிக்க? வெரசாச் சொல்லு!"

"மேல ஆரம்பி" என்று மதினி கத்தினாள். போனை வைத்துவிட்டாள்.